கை ஒன்று போனால் கத்தியையும் பிடுங்கணுமா?

1/
பக்கவாதம் வந்து ஒரு கை சரியாக வராமல் போனவரிடமிருந்து நம் வீடுகளில் முதலில் பிடுங்கப்படுவது பைக் சாவி. அது சரி. அதை நானே பிடுங்கச் சொல்வேன்.

அடுத்துப் பிடுங்கப்படுவது ஷேவிங் செட். அதை யாரும் சொல்லிப் பிடுங்குவதில்லை. பேச்சே இல்லாமல் அலமாரிக்குள் போய்விடும்.

இந்த இழை அந்த இரண்டாவது பிடுங்கலைப் பற்றியது. கொஞ்சம் நீளம். வீட்டில் ஒரு கை பலமில்லாதவர் இருந்தால் முழுசா படிங்க.

2/
நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். நரம்பியல் நிபுணர் கிடையாது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ஊசி எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போனவர், அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பிபி மாத்திரை, சுகர் மாத்திரை வாங்க வந்து உட்காருவது எங்களைப் போன்றவர்கள் முன்னால்தான்.

வருகிறவருக்கு நெஞ்சு வரை தாடி. "ஏங்கய்யா இவ்ளோ தாடி?" என்று கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார். கூட வந்த மகன் சொல்வார்: "ஒரு கை வரல சார். அதான் விட்டுட்டோம்."

அந்த "விட்டுட்டோம்" என்ற வார்த்தையோடுதான் என் சண்டை.

3/
யாரைப் பற்றிப் பேசுகிறேன்?

- பக்கவாதத்தில் ஒரு பக்கம் பலம் குறைந்தவர்கள்
- பைக்கிலிருந்து தோள் அடிபட விழுந்து, கழுத்திலிருந்து கைக்குப் போகிற பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்ற நரம்புக் கொத்து அறுந்துபோன இளைஞர்கள்
- சின்ன வயதில் போலியோ வந்தவர்கள்
- தொழுநோய் குணமாகியும் விரல்கள் மடங்கியே நின்றுவிட்டவர்கள்
- சர்க்கரை நோயால் தோள் மூட்டு இறுகி, கையைத் தூக்க முடியாதவர்கள்
- எலும்பு முறிந்து 6 வாரம் மாவுக்கட்டில் இருப்பவர்கள்

காரணம் வேறு வேறு. வீட்டில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "நீ சும்மா உக்காரு, நாங்க பாத்துக்கறோம்."

4/
என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கை வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் கையிலிருந்து ரேஸரைப் பிடுங்குவது வைத்தியம் ஆகாது. அவர் எந்த ரேஸரைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பரிசோதித்து முடிவு செய்வதுதான் வைத்தியம். அந்தப் பரிசோதனைக்கு ஸ்கேன் வேண்டாம். பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தை வீட்டிலும் யாரும் கொடுப்பதில்லை, ஆஸ்பத்திரியிலும் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை.

5/
ஏன் கொடுப்பதில்லை? நம்ம மொழியிலேயே காரணம் இருக்கு.

ஒருத்தனை மட்டம் தட்டணும்னா "போய் செரைடா" என்கிறோம். வேலை ஒழுங்கா நடக்கலைன்னா "இவ்வளவு நாளா என்ன செரச்சிட்டு இருந்தீங்க?" என்கிறோம். ஒரு சமூகத்தின் தொழிலையே வசவாக மாற்றி வைத்திருக்கிறோம். அந்த வசவில் இருக்கிற சாதித் திமிர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சவரம் என்றாலே பேசத் தகாத அற்ப விஷயம் என்று நம் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் "நடக்க முடியுதா?" என்று கேட்கிற டாக்டர், "ஷேவிங் பண்ண முடியுதா?" என்று கேட்பதில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

6/
குறையாது. வரலாற்றைப் பார்த்தால் தெரியும்.

தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்துக்கு "மருத்துவர்" என்றே பெயர். கத்தி பிடித்த அந்தக் கைதான் கட்டியைக் கீறியது. அந்த வீட்டுப் பெண்கள்தான் ஊருக்குப் பிரசவம் பார்த்தார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதை. 1540-ல் லண்டனில் நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டார்கள். 1745-ல்தான் பிரிந்தார்கள். இன்றும் அங்கே சர்ஜன்களை "டாக்டர்" என்று கூப்பிடாமல் "மிஸ்டர்" என்று கூப்பிடுவது அந்தக் காலத்தின் மிச்சம்.

ஆக, சவரத்தைப் பற்றி ஒரு டாக்டர் பேசுவது புதுசு இல்லை. பேசாமல் இருப்பதுதான் புதுசு.

7/
"இதெல்லாம் சென்டிமென்ட் டாக்டர், மெடிக்கலா ஏதாவது சொல்லுங்க" என்பவர்களுக்கு:

பக்கவாத நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் பார்தெல் இண்டெக்ஸ். 1965-ல் மஹோனி என்ற டாக்டரும் பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் வெளியிட்டது. மொத்தம் 10 விஷயங்கள், 100 மார்க். சாப்பிடுவது, நடப்பது, படி ஏறுவது, கழிவறைக்குப் போவது என்ற அந்தப் பட்டியலில் முகம் கழுவுவது, தலை சீவுவது, பல் தேய்ப்பது, ஷேவ் செய்வது எல்லாம் சேர்ந்து 5 மார்க்.

அதன் விதியைப் பாருங்க. எந்த வகை ரேஸரும் பயன்படுத்தலாம். ஆனால் டிராயரிலிருந்து அவரே எடுக்கணும், பிளேடை அவரே மாட்டணும், மின்சார ரேஸர் என்றால் பிளக்கையும் அவரே சொருகணும்.

60 வருஷத்துக்கு முன்னாடியே மருத்துவம் சவரத்துக்கு மார்க் ஒதுக்கிவிட்டது. நாம்தான் அந்தக் கேள்வியை சாய்ஸில் விடுகிறோம்.

8/
அதே விதியில் எனக்கு ஒரு சண்டையும் இருக்கு. பெண்கள் மேக்கப் போடும் பழக்கம் இருந்தால் தாங்களே போட்டுக்கொள்ளணும், ஆனால் தலை பின்னத் தெரியவேண்டிய அவசியமில்லை என்கிறது அது. அமெரிக்காவில் எழுதியது, அப்படித்தான் இருக்கும்.

நம்ம ஊரில் ஒரு அம்மாவுக்கு ஒரு கை போய்விட்டால் அவர் முதலில் இழப்பது ஜடையும் சேலைக் கொசுவமும்தான். ரெண்டே மாதத்தில் முடியை ஒட்ட வெட்டி, நைட்டியை மாட்டிவிடுகிறோம். "பாத்துக்க ஈஸி" என்கிறோம். யாருக்கு ஈஸி?

இந்த இழை சவரத்தைப் பற்றியது என்றாலும், வாதம் அவங்களுக்கும் சேர்த்துத்தான்.

9/
இப்போ உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பக்கவாதத்துக்குப் பிறகு பலம் குறைந்த கையை ஒருவர் பயன்படுத்தாமலே இருந்தால், மூளை அந்தக் கையை மறக்கக் கற்றுக்கொள்ளும். ஆரம்பத்தில் முடியாததால் பயன்படுத்த மாட்டார். பின்னால் கொஞ்சம் முடிகிற நிலை வந்தாலும், பழக்கம் விட்டுப்போனதால் பயன்படுத்த மாட்டார். இதை "கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை" என்று விளக்கியவர் எட்வர்ட் டாப் என்ற ஆராய்ச்சியாளர்.

அதாவது, "நீ சும்மா உக்காரு" என்று நாம் பாசமாகச் சொல்வது மூளைக்கு ஒரு பாடம். அதை மூளை நன்றாகப் படித்துக்கொள்கிறது.

10/
இதற்கு நேர் எதிரான சிகிச்சையும் உண்டு. நல்ல கைக்கு உறை மாட்டி ஓய்வு கொடுத்துவிட்டு, பலம் குறைந்த கையை வேலை வாங்குவது. எக்ஸைட் என்ற ஆய்வில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பயிற்சியை 2 வாரம் பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிடக் கை நன்றாகத் தேறியது. ஒரு வருஷம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. 2006-ல் வெளியான ஆய்வு.

உடனே வீட்டில் அப்பாவின் நல்ல கையைக் கட்டிப்போட்டு, இன்னொரு கையில் பிளேடைக் கொடுக்காதீங்க! மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு அசைகிறவர்களுக்கு மட்டும், தெரபிஸ்ட் பார்த்துச் செய்ய வேண்டியது அது. நான் சொல்ல வருவது கொள்கையை மட்டும்தான். வேலை கொடுத்தால் கை தேறும். வேலையைப் பிடுங்கினால் கை தேயும்.

11/
"எல்லாம் சரி சார். ஆனா கத்தி ஆபத்தாச்சே?"

நியாயமான கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், ஆபத்துதான். அதிலும் மடக்கு சவரக்கத்தி, அதாவது முழு அலகும் திறந்திருக்கிற கத்தி, அடிப்படையில் ரெண்டு கைக்காக உருவான கருவி.

ஒரு கை கத்தியைப் பிடிக்கும். இன்னொரு கை தோலை இழுத்துப் பிடிக்கும். பார்க்கிறவருக்குக் கத்தி பிடித்த கைதான் வேலை செய்வதாகத் தெரியும். தோல் தளர்ந்திருந்தால் அலகு மடிப்பில் மாட்டி இறங்கிவிடும். இழுத்துப் பிடிக்கிற கைதான் பாதி வேலையைச் செய்கிறது.

12/
இதுமட்டுமா? ஒரு கையால் மடக்குக் கத்தியைப் பயன்படுத்துகிறவருக்கு வேறு சிக்கல்களும் உண்டு:

- வலது கையால் இடது கன்னத்தைச் சவரம் செய்யும்போது, கையே கண்ணாடியை மறைக்கும்.
- கத்தியைத் தீட்டும் தொங்கு தோல்வாரை இழுத்துப் பிடிக்க இன்னொரு கை வேணும்.
- பாதி பிளேடு மாட்டுகிற கத்தி என்றால் பிளேடை ஒடிக்க, மாட்ட, கழற்ற ரெண்டு கை வேணும்.
- ஒரு கைக்காரர்கள் பாக்கெட்டைக் கிழிப்பதுபோலப் பல்லால் பிரிக்கப் பார்ப்பார்கள். பிளேடு உறையைப் பல்லால் கடித்துப் பிரிப்பது, மடக்குக் கத்தியைப் பல்லால் திறப்பது ரெண்டுமே கூடவே கூடாது.
- கத்தி நழுவினால் தாவிப் பிடிக்கத் தோன்றும். பிடிக்காதீங்க. விழட்டும். காலை மட்டும் நகர்த்துங்க.

13/
அதனால் எனக்கு இரண்டு பக்கமும் சண்டை இருக்கு.

ஒரு பக்கம், "கை வரலையா, எல்லாத்தையும் விடு" என்கிற வீடு. இன்னொரு பக்கம், "ஆம்பளைன்னா மடக்குக் கத்திதான், மனசு இருந்தா ஒத்தைக் கையே போதும்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு வீடியோ போடும் கூட்டம். முதல் பக்கம் பயத்தை மருத்துவம் என்கிறது. இரண்டாவது பக்கம் வீம்பைத் தன்னம்பிக்கை என்கிறது. நோயாளியைச் சோதித்துப் பார்க்கிற வேலையை ரெண்டு பேருமே செய்யவில்லை.

14/
யார் திறந்த கத்தியைத் தொடவே கூடாது? கறாராகச் சொல்கிறேன்:

1. ஒரு பக்க உலகத்தையே மூளை கவனிக்காமல் விட்டவர்கள்
2. ஒரு பக்கப் பார்வை போனவர்கள்
3. முகத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள். வெட்டினாலும் தெரியாது
4. நல்ல கையிலும் நடுக்கம், தடுமாற்றம் இருப்பவர்கள்
5. வலிப்பு கட்டுக்குள் வராதவர்கள்
6. வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள்
7. ஞாபகம், நிதானம் பாதிக்கப்பட்டவர்கள்
8. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள். இவர்களுக்கு முதலில் மனநல மருத்துவர், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்

இந்த எட்டில் ஒன்று இருந்தாலும் மடக்குக் கத்தி வேண்டாம். ஆனால் கவனிங்க. கத்திதான் வேண்டாம் என்கிறேன். சவரமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

15/
முதல் காரணத்தைக் கொஞ்சம் விளக்கணும்.

மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டால் இடது கை, கால் பலம் குறையும். சிலருக்கு அதோடு, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாது. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு "இன்னும் போடு" என்பார்கள். முகத்தில் வலது பாதியை மட்டும் ஷேவ் செய்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிற அடையாளம் இது.

வீட்டில் என்ன சொல்வார்கள்? "அப்பாவுக்குப் புத்தி சரியில்ல, பாதிதான் செரைக்கிறார், செட்டை எடுத்து வைச்சிட்டோம்." ஐயா, அவர் பாதி முகத்தை விட்டது ஒரு நோய்க்குறி. அதை டாக்டரிடம் சொல்லுங்க. அதற்கெனப் பயிற்சி இருக்கு. ரேஸரை ஒளித்து வைத்தால் அந்த அறிகுறியையும் சேர்த்து ஒளித்து வைக்கிறீங்க.

16/
சரி, அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்? அவர்களுக்கு நான் ஒரு படிக்கட்டு சொல்வேன்.

முதல் படி: டிரிம்மர். ஒரு கை போதும். காயம் அரிது.
இரண்டாம் படி: மின்சார ஷேவர். வார்ஃபரின் எடுப்பவர்கள் இதோடு நின்றுகொள்வது நல்லது.
மூன்றாம் படி: சாதாரண பாதுகாப்பு ரேஸர். தோலை இழுக்கும் கை இல்லாத குறையை அதன் காப்பு விளிம்பு ஓரளவு ஈடுகட்டும். ஜில்லெட் 1904-ல் காப்புரிமை வாங்கிய ரேஸர் உலகம் முழுக்கப் பரவியதற்கு ஒரு காரணம், கைத்திறன் இல்லாதவரும் அதைப் பயன்படுத்த முடிந்தது.
நான்காம் படி: பாதி பிளேடு மாட்டும் கத்தி.
ஐந்தாம் படி: தீட்டிப் பயன்படுத்தும் முழு மடக்குக் கத்தி.

மூன்றாம் படியோடு நிற்பவர் தோற்றவர் இல்லை. ஐந்தாம் படிக்கு எல்லாரும் போகணும் என்ற கட்டாயமும் இல்லை.

17/
"அப்புறம் ஏன் சார் நாலாவது, அஞ்சாவது படி?"

ஏன்னா, சிலருக்கு அதுதான் அவர்களுடைய கருவி. நாற்பது வருஷம் மடக்குக் கத்தியால் மட்டுமே சவரம் செய்த பெரியவருக்கு டிரிம்மர் ஒரு பொம்மை. சலூன் வைத்திருந்தவருக்குக் கத்திதான் கை. அவர்களிடம் "அது கிடக்கட்டும், இத வச்சுக்க" என்று சொல்வதற்கு முன்னால், முடியுமா முடியாதா என்று ஒரு தடவையாவது சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

18/
எப்படிச் சோதிப்பது? அலகில்லாமல் தொடங்கணும்.

முதல் வாரம், முகத்தில் நுரை போட்டு, பிளேடு மாட்டாத கத்தியாலோ சீப்பின் முதுகாலோ நுரையை வழிக்கட்டும். இரண்டு பக்கமும் முழுசாக வழிக்கிறாரா, கை எட்டுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்க.

அடுத்து, ஊதின பலூனில் நுரை தடவி, பிளேடு மாட்டிய கத்தியால் வழிக்கட்டும். சலூன் தொழில் பழகுகிறவர்கள் செய்கிற பயிற்சிதான் இது. பலூன் உடையாமல் வரும்வரை கத்தி முகத்துக்குப் போகக்கூடாது.

வலது கைக்காரருக்கு வலது கையே போயிருந்தால், இடது கையைப் பழக்க மாதங்கள் ஆகும். பல் தேய்ப்பதில் ஆரம்பிங்க. கத்தி கடைசியில்.

19/
முகத்துக்கு வரும்போது கவனிக்க வேண்டியவை:

- நின்றுகொண்டு வேண்டாம். முதுகு சாய்கிற நாற்காலி, முன்னால் மேசை, முழங்கையை மேசையில் ஊன்றணும்.
- கண்ணாடி முகத்து உயரத்தில் அசையாமல் நிற்கணும். பக்கவாட்டில் இன்னொன்று இருந்தால் மறையும் கன்னமும் தெரியும்.
- சோப்புக் கிண்ணத்துக்கு அடியில் ஈரத் துணியை விரிங்க. ஒரு கையால் குழைக்கும்போது வழுக்காது.
- வெந்நீர்த் துணியை 2, 3 நிமிஷம் முகத்தில் வைங்க. நனைந்து மெத்தென்று ஆன முடியைச் சுலபமாக வழிக்கலாம்.
- கத்தி சுமார் 30 டிகிரி சாய்வில், முடி வளரும் திசையிலேயே, சின்னச் சின்ன இழுப்பாக, ஒரே தடவை மட்டும். பளபளப்பு இப்போ தேவையில்லை.
- தொண்டைக் குமிழும் தாடைக்கு அடிப்பகுதியும் ஆரம்பத்தில் வேண்டாம். அதை சலூன்காரரிடம் விடுங்க.

20/
தோலை இழுக்க இன்னொரு கை இல்லையே? முகமே இழுத்துக்கொள்ளும்.

நாக்கால் உள்ளிருந்து கன்னத்தைத் தள்ளுங்க. கன்னத்தை உப்புங்க. மேலுதட்டைப் பல் மேல் இழுத்து மூடுங்க. கீழுதட்டை உள்ளே மடிங்க. கழுத்துக்குத் தலையை எதிர்ப்பக்கம் திருப்பி மோவாயைத் தூக்குங்க.

ஒரு எச்சரிக்கை. பக்கவாதத்தில் வாயும் ஒரு பக்கம் கோணியிருந்தால் கன்னத்தை உப்பினால் காற்று ஓடிவிடும், தோல் இறுகாது. அந்தப் பக்கத்துக்கு நாக்குத் தந்திரம் மட்டும்தான். அதுவும் சரிவரவில்லை என்றால், அந்தப் பக்கத்தைப் பாதுகாப்பு ரேஸரால் முடிச்சிடுங்க. ஒரே முகத்துக்கு ரெண்டு கருவி பயன்படுத்தினால் குத்தம் ஒன்றுமில்லை.

பிளேடு மாட்டுவதை வீட்டில் ஒருவர் செய்து கொடுக்கலாம். பார்தெல் மார்க் முழுசாக வராது. போகட்டும். தோல்வாரைப் பலகையில் ஒட்டி, பலகையை மேசையோடு இறுக்கிவிட்டால் தீட்டவும் ஒரு கை போதும்.

21/
பலம் குறைந்த கையை மடியில் போட்டு மறந்துவிடாதீங்க. அதற்கும் வேலை கொடுங்க. மேசை மேல் வைத்து, துண்டின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கட்டும். கிண்ணத்தை அணைத்துக்கொள்ளட்டும். கொஞ்சம் விரல் அசைந்தால் நுரை தடவட்டும். அலகை மட்டும் அந்தக் கையில் கொடுக்காதீங்க. தெரபிக்கு விலை உயர்ந்த கருவி வேணும் என்று யார் சொன்னது? தினமும் காலையில் ஒரு சோப்புக் கிண்ணம் போதும்.

அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீங்க. பலமில்லாத தோள் மூட்டு சுலபமாக இறங்கிவிடும்.

22/
வெட்டுப்பட்டால்? சுத்தமான துணியால் 5 முதல் 10 நிமிஷம் விடாமல் அழுத்துங்க. நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. சின்னக் கீறலுக்கு நனைத்த படிகாரம் போதும்.

பக்கவாதம் வந்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பார்கள். ரத்தம் நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அதுக்காக "ஷேவிங்ல ரத்தம் வருது" என்று மாத்திரையை நிறுத்தினால், அடுத்த பக்கவாதத்துக்கு நீங்களே கதவு திறக்கிறீங்க. ரேஸரை மாத்துங்க. மாத்திரையை மாத்தாதீங்க.

23/
வீட்டுக்கு வந்து சவரம் செய்யும் சலூன்காரரை ஏற்பாடு செய்பவர்கள், புது பிளேடை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்க. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஒரே பிளேடு, ஒரே படிகாரக் கட்டி பல முகங்களுக்குப் போவது ஆபத்து. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். அப்பா ரேஸர் அப்பாவுக்கு மட்டும்.

24/
"உனக்கெதுக்கு இவ்ளோ மல்லுக்கட்டு? அஞ்சு நிமிஷத்துல நான் செஞ்சு விட்டுடறேன்" என்று சொல்லும் அம்மாக்கள், அக்காக்கள், மனைவிமார்களுக்கு:

உங்க பாசம் புரியுது. காலையில் அடுப்பு, பள்ளிக்கூடம், மாமியார் மருந்து, அதுக்கு நடுவில் இது. அவர் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும், தரையெல்லாம் தண்ணீர். நீங்க செய்தால் அஞ்சு நிமிஷம்.

ஆனா அந்த முக்கால் மணி நேரம்தான் அவருடைய பிசியோதெரபி. உட்கார்ந்து நிலை பிடிப்பது, கை தூக்குவது, கண்ணாடி பார்ப்பது, இடது வலது கவனிப்பது எல்லாமே அதில் இருக்கு. அதைச் செய்து கொடுத்துவிட்டு, பத்து மணிக்குப் பந்து அமுக்குகிற எக்சர்சைஸ் பண்ணச் சொன்னால் அவருக்கு வெறுக்கும். உங்க வேலையும் ஒண்ணு கூடுது, வாழ்நாள் முழுக்க.

25/
முகத்துக்கும் மனசுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீங்க. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "அப்பா யார்கிட்டயும் பேச மாட்டேங்குறார்" என்று வருகிறீங்க. அவர் கண்ணாடி பார்த்து எத்தனை நாளாச்சு என்று கேட்டால் உங்களுக்குத் தெரியவில்லை.

சவரம் செய்தால் மனச்சோர்வு குணமாகும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மருந்து இருக்கு, ஆலோசனை இருக்கு, கட்டாயம் எடுக்கணும். ஆனால் ஒரு பெரிய மனுஷனின் முகத்தை அவரைக் கேட்காமலே மத்தவங்க நிர்வாகம் செய்ய ஆரம்பித்தால், அவர் பேச என்ன மிச்சமிருக்கும்?

தாடி வைத்துக்கொள்ளணும் என்று அவரே ஆசைப்பட்டால், தாராளமா வைக்கட்டும். முடிவு அவருடையதாக இருக்கணும். அவ்வளவுதான்.

26/
இனி அரசாங்கத்துக்கும் எங்கள் துறைக்கும்.

2021-ல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" நல்ல திட்டம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. உயிர் காக்கிறது. அந்த 22 வயசுப் பையனுக்கு உயிர் இருக்கு, வலது கை இல்லை. அடுத்த 48 வருஷத்துக்கு என்ன திட்டம்?

அதே 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வழியாக பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அந்த வருகையில் காலை நீட்டி மடக்குவதோடு, "ஐயா, ஷேவிங் செட் எங்க இருக்கு? எடுங்க பாப்போம்" என்று கேட்கட்டும். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

அன்றாட வேலைகளைப் பழக்கித் தருவதற்கென்றே ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு படிப்பே இருக்கு. அது என்னவென்று நம் மக்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது அவர்கள் குத்தமில்லை. அவர்களை நாங்கள் அங்கே அனுப்புவதே இல்லை.

27/
சலூன் தொழிலாளிக்கே ஒரு கை போய்விட்டால்?

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முக்கியச் சலுகைகள் கிடைக்கும். அந்தச் சதவீதம் கையை அளக்குமே தவிர, அந்தக் கை செய்த தொழிலை அளக்காது. இடது கையில் ரெண்டு விரல் மடங்கினால் எனக்கு ஓபி சீட்டு எழுதுவதில் பிரச்சனை இல்லை. தோலை இழுத்துப் பிடிக்கும் விரல்கள் அவை என்றால், ஒருவருடைய கடைக்கே பூட்டு விழும். சான்றிதழ் தாளில் ரெண்டு பேரும் ஒன்று.

அவரிடம் சதவீதம் சொல்லி அனுப்புவதோடு முடியக்கூடாது. டிரிம்மர், மெஷின் வெட்டு என்று எந்த வேலையைத் தொடரலாம், எதை இன்னொருவரிடம் கொடுக்கணும் என்று உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேணும்.

28/
"ஒரு கையால் எல்லாம் முடியுமா?" என்று இன்னமும் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய உதாரணம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் 1797-ல் டெனரிஃப் சண்டையில் வலது கையை இழந்தார். இடது கையால் எழுதப் பழகினார். கத்தியும் முள்கரண்டியும் ஒன்றாகச் சேர்ந்த கருவியால் சாப்பிட்டார். திரும்பவும் கப்பலேறினார்.

இதைச் சொல்வது "நெல்சன் மாதிரி வீரனா இரு" என்பதற்காக அல்ல. தளபதிக்குக் கை போனபோது கருவியைத்தான் மாற்றினார்கள், தளபதியை மாற்றவில்லை. நம்ம அப்பாவுக்குக் கை போனால் அப்பாவையே மாற்றி, "நோயாளி" ஆக்கிவிடுகிறோம்.

29/
ஆக, நான் கேட்பது நாலே விஷயம்:

- டாக்டர்களே, பக்கவாத நோயாளி அடுத்த தடவை வரும்போது "ஷேவ் யார் பண்றாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில் "பிசியோ" என்று ஒரு வார்த்தை எழுதுவதோடு, வீட்டில் எதைத் தானே செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நாலு வரி எழுதுங்க.
- தெரபிஸ்டுகளே, பந்தை ஓரமா வச்சிட்டு அவருடைய சொந்த ரேஸரில் பயிற்சி கொடுங்க.
- குடும்பத்தாரே, பிடுங்குவதற்கு முன்னால் சோதிங்க. சோதித்த பிறகு தேவைப்பட்டால் கருவியை மாத்துங்க.
- ஒரு கையால் வாழும் நண்பர்களே, வீம்புக்கு மடக்குக் கத்தி வேண்டாம். வெட்கப்பட்டு எல்லாத்தையும் விடவும் வேண்டாம். உங்களுக்கு எது பாதுகாப்போ அதைக் கேட்டு வாங்குங்க. கேட்பது உங்க உரிமை.

30/
கடைசியாக ஒன்று. திடீரென வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீங்க. 108-க்கு அடிங்க. ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும். சீக்கிரம் வந்தால் அந்தக் கை பிழைக்க வாய்ப்பு அதிகம்.

தாமதமாகி, கை வராமலே போனாலும் ஆள் அதேதான். அவர் முகம் அவருடையது. அதில் கத்தி வைக்கணுமா, டிரிம்மர் வைக்கணுமா, தாடியே வளர்க்கணுமா என்று முதலில் அவரைக் கேளுங்க.

படித்தவர்கள் பகிருங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, டூட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன்.